சனிக்கிழமை அலாரம்

அத்தியாயம் பதினொன்று

வெய்க்கோ ஹாப்பலாவின் மகள் லின்னேயா, ஆறு வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள் அல்லவா? வந்த அன்றைக்கே வீடு அவளைப் பார்த்துக் கத்தியது.

அது போன சனிக்கிழமை. ஏழு இடங்களில் கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழு அலாரங்கள். புகை வந்தாலும் சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு வந்தாலும் சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் மாட்டச் சொன்னவை. ஒன்று வாயைத் திறந்தால் மற்ற ஆறும் காரணம் கேட்காமல் சேர்ந்து கத்தும்படி சுவருக்குள் ஒயர் ஓடியது. குழந்தை ஓட்டோ, எட்டாவது அலாரமாகச் சேர்ந்து அவை ஏழையும் தோற்கடித்தான்.

லின்னேயா அவனைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு முழங்கால் பனியில் நடந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டாள். வெய்க்கோ பின்னாலேயே ஓடினான். அவள் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"அடுத்த சனிக்கிழமையும் இது கத்துச்சுன்னா, நான் கிரீன் பே ஊருக்கு மாமியார் வீட்டுக்கே போயிடறேன்."

சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை இல்லை இது. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மூக்கு எங்க பக்கத்து மூக்கு இல்லை" என்று சொன்ன மாமியார் அந்த அம்மாள். கணவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வடக்கு டகோட்டா போயிருக்கும் குளிர்காலத்தில் அந்த மூக்கோடு அங்கே இருக்க முடியாமல்தான் லின்னேயா அப்பாவிடம் வந்திருந்தாள்.

இன்றைக்கு அந்த அடுத்த சனிக்கிழமை.

வெய்க்கோவுக்கு மகளும் வேண்டும், பேரனும் வேண்டும். அறுபத்து நான்கு வயதில், ஆள் இல்லாத வீட்டில் தனக்குத்தானே நகைச்சுவை சொல்லிக்கொண்டு, தானே சிரித்துக்கொண்டு, சிரிப்பு சரியாக வரவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு எத்தனை நாள்தான் ஓட்டுவது? ஆகவே புது அலாரம் ஏழு வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் அடுக்கிவிட்டான்.

ஆனால் குளிர்காலம் முழுக்க ஏன் அவற்றை மாற்றவில்லை என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி இர்மா அக்டோபரில் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள். நீண்ட நோய். அதன் பிறகு வந்த முதல் சனிக்கிழமை, கீழ்த்தளத்தில் இருக்கும் சவுனா அறையில் அவன் வழக்கம்போல விறகு அடுப்பை மூட்டினான். சனிக்கிழமை நீராவிக் குளியலை விட்ட ஃபின்லாந்துக்காரன், அமெரிக்கா வந்து தலைமுறை கடந்தும், அந்தத் தெருவில் கிடையாது. சாவு விழுந்த வீட்டிலும் கிடையாது. கல் சூடேறி, தண்ணீர் ஊற்றி, உடம்பு வியர்க்க ஆரம்பித்ததும் வீடு மொத்தமும் கத்தியது. நீராவிக்குத்தான் கத்துகிறது என்று அவனுக்குத் தெரியும். இர்மா இருந்தவரை கத்தவிட்டதில்லை. அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், நீலப்பூ போட்ட தன் குளியல் தொப்பியைக் கீழ்த்தளத்து அலாரத்துக்கு மாட்டிவிடுவாள். ஞாயிறு காலை காப்பி குடித்த பிறகு கழற்றுவாள். தெருவில் பாதி வீட்டில் இதுதான் நடைமுறை.

இரண்டாவது சனிக்கிழமை கத்தியபோது, இதே மாதிரி ஏழு அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் திட்டக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் என்று அவனுக்குத் தோன்றியது. தொப்பியை மாட்டாமல் விட்டுவிட்டான்.

மூன்றாவது சனிக்கிழமை அவளே வந்தாள்.

கதவோரம் கீழ் பெஞ்சில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. திரும்பவும் இல்லை. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட அவள் தவறியதில்லை. அவள் போன பிறகு தலை பிளந்துவிடும்போல வலிக்கும். ஞாயிறு மதியம்வரை எழுந்திருக்க முடியாது. விருந்தாளி வந்தால் ஏதாவது செலவு இருக்கத்தானே செய்யும் என்று வெய்க்கோ பொறுத்துக்கொண்டான்.

அலாரத்தை மாற்றினால் அவள் வருவாளா? அதுதான் அவன் கவலை.

"அண்ணே! ஏணியைப் பிடி! கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்காதே!"

தம்பி ஆர்விட் ஏணியின் உச்சியில் இருந்தான். மின்சார வேலை தெரிந்தவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவனும் அவனே.

"பிரேக்கரை அணைச்சியா?" என்றான் வெய்க்கோ.

"அணைச்சேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே. அப்புறம் ஒரு வாரம் உன் மீசை நட்டுக்கிட்டு நின்னுச்சு."

"அது மீசை முளைக்கிற வயசு."

"அம்பது வயசுலயா?"

ஆர்விட் கூடத்து அலாரத்தைத் திருகிக் கழற்றி, பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தான்.

"அண்ணே, பிறந்த வருஷம் பின்னாடி போட்டிருக்கு பாரு. இதுக்கு ஆயுசே பத்து வருஷம்தான். பதினேழு வருஷமாத் தொங்குது. எப்பவோ செத்துப் போச்சு. யாரும் அடக்கம் பண்ணலை."

"செத்ததா இப்படிக் கத்துது?"

"செத்ததுதான் கத்தும். உயிரோட இருந்தா அளவாக் கத்தும்."

வெய்க்கோ வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவன். இன்று ஏணியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பழைய பிளக் புது அலாரத்தில் பொருந்தவில்லை. ஆர்விட் அதை வெட்டிவிட்டுப் புதுசோடு வந்ததை முடுக்கினான். கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை. மூன்றாவதாக ஒரு சிவப்பு ஒயர்.

"இதுதான் வம்பு பேசற ஒயர். ஒரு ரூம்ல நடக்கறதை ஏழு ரூமுக்கும் சொல்றது. நம்ம சர்ச் காப்பி மேசை மாதிரி."

ஓட்டோ படுக்கும் அறை வாசல், சமையலறைப் பக்கம், படிக்கட்டு, கீழ்த்தளம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வெய்க்கோவின் படுக்கையறை. இர்மாவின் தலையணைக்கு நேர் மேலே இருந்தது அந்த அலாரம்.

"இது இருக்கட்டும்" என்றான் வெய்க்கோ.

"எதுக்கு இருக்கட்டும்?"

"நல்லாத்தானே இருக்கு."

"அண்ணே, இதுவும் அதே வருஷத்துப் பிணம்தான்."

லின்னேயா தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "என்னாச்சு சித்தப்பா?"

"உங்கப்பாவுக்கு இதுமேல பாசம் வந்துடுச்சு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையணையைப் பார்த்தான். அம்மா பெயரை இரண்டு பேரும் சொல்லவில்லை. லின்னேயா ஏதோ கேட்க வாயெடுத்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் முதுகை வேகமாகத் தட்டினாள்.

"கழட்டிடுங்கப்பா" என்றாள் மெதுவாக. "எனக்குப் போக இஷ்டமில்லை. போக வெச்சுடாதீங்க."

வெய்க்கோ தானே ஏறினான். தானே திருகினான். கையோடு வந்த அலாரம், உள்ளே மிச்சமிருந்த பேட்டரியில் ஒரே ஒரு முறை குருவி மாதிரி கீச்சிட்டது. அதை ஆர்விட்டிடம் கொடுக்காமல், தானே பேட்டரியை உருவி, தானே கொண்டுபோய் மற்ற ஆறோடு பெட்டியில் வைத்தான்.

பிரேக்கரைப் போட்டதும் ஏழிலும் பச்சைப் புள்ளி எரிந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினார்கள். வீடு முழுக்க ஒரு பெண் குரல் நிதானமாக, அழகாக, எச்சரிக்கை என்று ஆரம்பித்தது.

"யாருப்பா இந்தம்மா? விமானம் லேட்டுன்னு சொல்ற குரல்ல தீப்பிடிச்சிருக்குங்கறாங்க" என்று லின்னேயா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பை வெய்க்கோ பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டான்.

"புதுசுல ஒரு வசதி இருக்கு" என்று ஆர்விட் பெட்டி மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தான். "கொஞ்சம் நீராவிக்கெல்லாம் அசையாதாம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு? பெட்டியில் எழுதினவன் ஹாப்பலா வீட்டு சவுனாவைப் பார்த்திருக்க மாட்டான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெய்க்கோ கீழே இறங்கி அடுப்பில் விறகை அடுக்கி மூட்டினான். படிக்கட்டுப் பக்கத்து ஆணியில் நீலப்பூத் தொப்பி தொங்கியது. அக்டோபரிலிருந்து யாரும் தொடவில்லை.

ஒரே ஒரு தடவை கத்தினால் போதும், மகள் பெட்டியைக் கட்டிவிடுவாள்.

தொப்பியை எடுத்து உதறினான். ஸ்டூலில் ஏறி, புது அலாரத்துக்கு மேல் அதை மாட்டி, ரப்பர் விளிம்பை விரலால் சுற்றி இழுத்துவிட்டான். இர்மா இப்படித்தான் செய்வாள். கடைசியில் குழந்தைக்குக் குல்லா போட்டதுபோல லேசாக ஒரு தட்டுத் தட்டுவாள். அவனும் தட்டினான். முப்பத்தெட்டு வருடத்தில் அவளுடைய வேலை ஒன்றை அவள் சொல்லாமலே செய்தது இதுதான் முதல் முறை என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சுக்கு இதமாகவும் இருந்தது.

அண்ணனும் தம்பியும் மேல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆர்விட் அலுமினியத் தாளில் சுற்றிய இறைச்சியைக் கல்லின் மேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, ஊரிலுள்ள எல்லோருடைய மின்சார வேலையையும் குறை சொன்னான். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. வெளியே போய் ஒரு பீர் குடிச்சிட்டு வரேன்" என்று துண்டைக் கட்டிக்கொண்டு பின்வாசல் பனிக்குப் போனான்.

வெய்க்கோ தனியாக இருந்தான்.

வீடு சத்தம் போடவில்லை. கல்லில் தண்ணீர் சீறி அடங்குவது மட்டும் கேட்டது. இத்தனை சனிக்கிழமையாக, முதலில் கத்தல் வரும், பிறகு அவள் வருவாள். இன்று கத்தல் இல்லை. வர மாட்டாளோ?

வந்தாள்.

கீழ் பெஞ்சில், கதவோரம், தலையில் துண்டு.

"புதுசு மாத்திட்டேன் இர்மா" என்றான். "லின்னேயா வந்திருக்கா. பையனுக்கு உன் மூக்கு. அந்த மாமியாக்காரிக்கு அதுதான் பொறுக்கலை."

துண்டு சுற்றிய தலை லேசாக அசைந்தது. முதல் தடவையாக அவள் திரும்பப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அப்போது மேலே வீடு கத்தியது.

அவசரமான நான்கு கத்தல். ஓர் இடைவெளி. மறுபடி நான்கு. நடுவில் அந்தப் பெண் குரல். தொப்பிக்குள் இருந்த கீழ்த்தளத்து அலாரம் கூடவே வாய்க்குள் துணி திணித்த மாதிரி முனகியது.

நீராவிதான் என்று வெய்க்கோ நினைத்தான். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது. சனிக்கிழமை, கத்தத்தான் செய்யும். இன்னும் ஒரு நிமிடம். அவள் திரும்பிவிடட்டும்.

"அப்பா!" மேல்படியிலிருந்து லின்னேயாவின் குரல். "அப்பா, ஓட்டோ ரூம் வாசல்ல இருக்கிறதுதான் சிவப்பா மின்னுது! அதுதான் முதல்ல ஆரம்பிச்சுது! நான் அவனைத் தூக்கிட்டு வெளியே போறேன், நீங்க வாங்க!"

ஓட்டோவின் அறை வாசல். இரண்டு மாடி தள்ளி. அங்கே ஏது நீராவி?

பெண் குரல் மறுபடியும் வந்தது. கார்பன் மோனாக்சைடு, தயவுசெய்து வெளியேறவும் என்று பணிவாகச் சொன்னது. தயவுசெய்து! முப்பத்தெட்டு வருடத்தில் இர்மா ஒருநாள்கூட அவனிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில்லை. ஏழு அறையில் கத்துவது அவள் இல்லை.

எழுந்தான். கால்கள் யாரோ கடன் கொடுத்தவை மாதிரி இருந்தன. பெஞ்சிலிருந்து சரிந்து, முழங்காலில் விழுந்து, கதவைப் பார்த்துத் தவழ்ந்தான். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வழி விடு இர்மா" என்றான். "பையன் மாடியில இருந்தான்."

அவள் முகத்தைக் காட்டவில்லை. சர்ச்சில் வரிசையிலிருந்து எழுந்து போகிறவருக்கு ஒதுங்குவதுபோல, முழங்கால்களை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

அவன் தாண்டினான். கதவு திறந்தது. ஆர்விட்டின் குளிர்ந்த கைகள் அவன் அக்குளில் நுழைந்து இழுத்தன.

ஊர்த் தீயணைப்பு வண்டி வந்தபோது வெய்க்கோ பனிக்குவியலில், ஒரே ஒரு துண்டோடு, சாயங்கால வெளிச்சத்தில் தெருவுக்கே காட்சியாகக் கிடந்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் பெவ், சம்பளமில்லாத தீயணைப்பு வேலைக்குரிய கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

"வெய்க்கோ, அதை ஒழுங்காக் கட்டிக்கோ. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்க வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே அவன் மூக்கின் மேல் ஆக்ஸிஜன் மூடியைப் பொருத்தினாள்.

குழந்தை? காரில், லின்னேயா மடியில், எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தான். நிறம் நன்றாக இருந்தது. மேலே வந்தது கொஞ்சம் வாயுதான். இன்னும் சிறிது நேரம் தூங்கவிட்டிருந்தால் என்று பெவ் ஆரம்பித்து, லின்னேயாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வாயு அளக்கும் கருவியோடு உள்ளே போன பெவ், நீலப்பூத் தொப்பியை விரலில் தொங்கவிட்டபடி வெளியே வந்தாள்.

"இது யார் வேலை?"

"என் வேலை" என்றான் வெய்க்கோ மூடிக்குள்ளிருந்து.

பெவ் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுல பச்சைக் கலர்" என்றாள். "போன உடனே எரிக்கப் போறேன்."

காரணம் புகைபோக்கி. மேலே அணில் கூடு. அதற்குக் கீழே கை நுழையாத அளவுக்குக் கரி. ஒவ்வொரு செப்டம்பரிலும் இர்மாதான் ஆள் கூப்பிட்டுச் சுத்தம் பண்ண வைப்பாள். இந்த செப்டம்பரில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்; வீடும் அவளோடு அங்கேதான் இருந்தது.

"தலைவலி இருந்துச்சா?" என்றாள் பெவ்.

"சனிக்கிழமை மட்டும்."

"இருக்கும். இந்த வாயு அப்படித்தான். சில பேருக்கு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே தெரியும். வீட்டுல பேய்னு எங்களைக் கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தா அடுப்பு." அவள் சிரித்தாள். வெய்க்கோவும் சிரித்தான், எல்லோரும் எதிர்பார்ப்பார்களே என்று.

அடுப்பு. இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது அடுப்போடு. பேரனுக்கு யார் மூக்கு என்று சொன்னதும் அடுப்பிடம்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெய்க்கோவை மட்டும் சிறிது நேரம் ஆக்ஸிஜனோடு கட்டிப்போட்டுவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது பெவ்வின் ஆட்கள் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, சவுனா அடுப்புக் கதவில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். கேஸ் ஹீட்டரையும் வெந்நீர்த் தொட்டியையும் இரண்டு தடவை சோதித்தாகிவிட்டது, இரண்டிலும் பூஜ்யம். குழந்தை தாராளமாகத் தூங்கலாம்.

லின்னேயா ஓட்டோவை மாடியில் தொட்டிலில் விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். காப்பி போட்டாள். ஏலக்காய் ரொட்டியை நறுக்கினாள்.

"பெட்டி கட்டறியா?" என்றான் வெய்க்கோ. கேட்டுவிட்டு ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு?"

"கத்துச்சே."

"அது கத்தினதாலதான் நாம உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம்." அவள் அவன் கை மேல் கை வைத்தாள். "போகலைப்பா. வசந்தம் வரைக்கும் உங்க தலையிலதான்."

காப்பியை ஊதினான், அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"அப்பா, பெவ் சொன்னாளே, ஆள் தெரியும்னு. நீங்க யாரைப் பார்த்தீங்க?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தான். அலுப்பாக இருந்தது. "உங்கம்மாவை. கீழ் பெஞ்சுல. எல்லா சனிக்கிழமையும்."

லின்னேயா கோப்பையைக் கீழே வைத்தாள். "தலையில துண்டு சுத்திக்கிட்டு?"

"ஆமா."

"முதுகைக் காட்டிக்கிட்டு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதியான சிரிப்பு. தான் மட்டும் பைத்தியமில்லை. "அப்போ போன சனிக்கிழமை உனக்கும் மேல வரைக்கும் வாயு வந்திருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் காருக்கு ஓடினியா? சொல்லியிருக்கக் கூடாதா?"

"சனிக்கிழமை நான் யாரையும் பார்க்கலைப்பா. சத்தத்துக்குத்தான் ஓடினேன்." அவள் குரல் இறங்கியது. "அம்மாவைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஓட்டோ தொட்டில் பக்கத்துல."

செவ்வாய்க்கிழமை அடுப்பில் நெருப்பு இல்லை. அன்றைக்குத்தான் அவன் அதிலிருந்து குளிர்ந்த சாம்பலை அள்ளிக் கொட்டினான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். கூரையில் புது அலாரத்தின் பச்சைப் புள்ளி, எல்லாம் நலம் என்று அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

மாடியில் ஓட்டோ சிணுங்கினான். சிணுங்கல் அழுகையானது. லின்னேயா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வெய்க்கோ அவளுக்கு முன்னால் எழுந்தான்.

அவர்கள் முதல் படியில் கால் வைப்பதற்குள் அழுகை நின்றது, யாரோ தூக்கித் தோளில் போட்டுக்கொண்டதைப் போல.